கசடைப் படிக்கத் தெரிந்தவர்கள்

அமெரிக்காவில் கழிவுநீர் நிலையப் பணியாளர்களின் ஆண்டு மாநாடுகளில் சிலருடைய சட்டையிலோ கழுத்துப்பட்டையிலோ பொன்னிறத்தில் ஒரு குட்டி மண்வாரி மின்னும். 1940இல் அரிசோனா மாநிலத்துக் கழிவுநீர், குடிநீர்ப் பணியாளர் சங்கத்தில் 'டஸ்ட்டி' மில்லர், கார்லைல் ராபர்ட்ஸ் என்ற இருவர் பாதி விளையாட்டாகத் தொடங்கிய ஒரு குழுவின் சின்னம் அது. குழுவின் பெயர் 'செலக்ட் சொசைட்டி ஆஃப் சானிட்டரி ஸ்லட்ஜ் ஷவலர்ஸ்'. ஐந்து 'எஸ்' அடுத்தடுத்து வருவதால் சுருக்கமாக 'ஃபைவ் எஸ்' என்பார்கள். நாக்குப் பிறழாமல் முழுப் பெயரையும் சொல்வதே ஒரு சோதனைதான். தன் கடமைக்கு மேலாகச் சங்கத்துக்கும் தொழிலுக்கும் உழைத்தவர்களைக் கூட வேலை பார்ப்பவர்கள் தேர்ந்தெடுத்து அந்த ஊசியைக் குத்திவிடுகிறார்கள். இன்று அமெரிக்காவுக்கு வெளியேயும் இந்தக் குழுவுக்குக் கிளைகள் உண்டு.

கழிவை அள்ளுகிறவரைத் தள்ளி நிறுத்தும் வழக்கம் எல்லா நாட்டிலும் உண்டு. ஊர் தன் கழிவை மறக்க விரும்புகிறது. அதைக் கையாளும் ஆளையும் கூடவே மறந்துவிடுகிறது. எந்தக் கருவியை வைத்து ஊர் தங்களை இளக்காரமாகப் பார்த்ததோ அதையே பொன்னாக்கி நெஞ்சில் குத்திக்கொண்டார்கள் அரிசோனாக்காரர்கள். இந்தக் குறும்பு அவர்களுக்குச் சாத்தியமானதற்குக் காரணம், அதற்கு முன்பே அந்தத் தொழிலுக்குச் சங்கமும் பத்திரிகையும் மாநாடும் வந்துவிட்டிருந்ததுதான். கையில் வேறொன்றும் இல்லாதவர் தன்னைத் தானே கேலி செய்துகொண்டால் ஊரும் சேர்ந்துதான் சிரிக்கும்.

அந்தச் சங்கங்களின் கதை இங்கிலாந்தில் தொடங்குகிறது. 1901இல் அங்கே கழிவுநீர் நிலைய மேலாளர்கள் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். அமெரிக்காவில் நியூ ஜெர்சிக்காரர்கள் 1915இல் கூடினார்கள். மாநிலச் சங்கங்களையெல்லாம் இணைக்கும் கூட்டமைப்பு 1928இல் பிறந்தது. அதே ஆண்டு 'சூவேஜ் வொர்க்ஸ் ஜர்னல்' என்ற பத்திரிகையும் வெளிவந்தது. பல முறை பெயர் மாறிய அந்தக் கூட்டமைப்பு 1991 முதல் 'வாட்டர் என்விரான்மென்ட் ஃபெடரேஷன்' என்று வழங்குகிறது. வடகிழக்கு மூலையில் உள்ள மெய்ன், வெர்மான்ட், மாசச்சூசெட்ஸ் உள்ளிட்ட ஆறு நியூ இங்கிலாந்து மாநிலங்களுக்கான சங்கம் 1929இல் ஏற்பட்டது. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்த வட்டாரத்தை ஒட்டியே நடக்கும். ஒன்றிரண்டு ஆட்களோடு ஓடும் சிறு ஊர் நிலையங்கள் அங்கே ஏராளம். அப்படிப்பட்ட இடத்தில் சங்கம் இல்லாவிட்டால் ஆபரேட்டர் தனித் தீவாகிவிடுவார்.

அந்தத் தனிமை ஏன் ஆபத்தானது என்பதற்கு வேலையின் உள்ளே கொஞ்சம் போக வேண்டும். இன்று உலகில் பரவலாகக் கையாளப்படும் முறை செயலூட்டிய கசடு முறை. கழிவுநீரில் காற்றைச் செலுத்தி நுண்ணுயிர்களை வளர்த்து, அவை அழுக்கைத் தின்று திரண்டதும் தொட்டியில் படியவிட்டு, அந்தக் கசட்டில் ஒரு பகுதியை மறுபடி முதல் தொட்டிக்கே திருப்பிவிடுவது. மாசச்சூசெட்ஸின் லாரன்ஸ் நகரில் 1887 முதல் இயங்கிவந்த சோதனை நிலையத்தில் நடந்த காற்றூட்டச் சோதனைகளை 1912இல் கில்பர்ட் ஃபௌலர் என்ற ஆங்கில வேதியியலாளர் பார்த்துவிட்டு மான்செஸ்டருக்குத் திரும்பினார். அங்கே ஆர்டன், லாக்கெட் என்ற இருவர் அந்த யோசனையைத் தொடர்ந்து ஆராய்ந்து, படிந்த கசட்டை எறியாமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் சுத்திகரிப்பு பல மடங்கு வேகமாகிறது என்று 1914இல் கட்டுரை வாசித்தார்கள். ஃபௌலர் 1916இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்குப் பேராசிரியராக வந்து சேர்ந்தார். ஆக, இந்த அறிவு நம் பக்கத்து ஊருக்கு வந்து நூறாண்டுக்கு மேலாகிறது.

இந்த முறையில் உண்மையான வேலையாள் நுண்ணுயிர்தான். ஆபரேட்டர் அதற்கு மேய்ப்பர். மந்தை எப்படி இருக்கிறது என்று அவர் தெரிந்துகொள்ளும் வழி மிக எளியது. காற்றூட்டும் தொட்டியிலிருந்து நீர் மொண்டு, அகன்ற வாயுள்ள 2 லிட்டர் ஜாடியில் ஊற்றி, மெல்லக் கலக்கிவிட்டு மேசையில் வைக்கிறார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கசட்டின் மேல்மட்டம் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று குறிக்கிறார். அரை மணி நேரத்தில் ஒரு எண் கிடைக்கும். லிட்டருக்கு எத்தனை மில்லிலிட்டர் கசடு படிந்தது என்பதை, லிட்டருக்கு எத்தனை கிராம் கசடு இருந்தது என்பதால் வகுத்தால் வருவது கசடுக் கன அளவுக் குறியீடு. சிகாகோ கழிவுநீர்த் துறையின் தலைமை வேதியியலாளரும் 'சூவேஜ் வொர்க்ஸ் ஜர்னல்' ஆசிரியருமான ஃபிளாய்ட் மோல்மன் 1934இல் அதன் பக்கங்களிலேயே முன்வைத்த கணக்கு அது. 100 என்றால் நிம்மதி. 150ஐத் தாண்டினால் முகம் சுருங்கும். 200க்கு மேல் போனால் கசடு படியாமல் பொங்கி ஆற்றுக்கு வழிந்துவிடுமோ என்ற கவலை தொடங்கும்.

எண் மட்டும் போதாது. கசடு சடசடவென்று இறங்கி மேலே கலங்கல் நீரை விட்டுவைத்தால் அது முற்றிப்போன கசடு. பஞ்சு மாதிரி உப்பி இறங்க மறுத்தால் இளங்கசடாகவோ இழை வடிவ நுண்ணுயிர் பெருத்ததாகவோ இருக்கலாம். நன்றாகப் படிந்த கசடு ஒரு மணி நேரம் கழித்துக் கட்டிகட்டியாக மேலெழும்பினால், உள்ளே நைட்ரேட் சிதைந்து நைட்ரஜன் குமிழ்கள் தூக்குகின்றன என்று பொருள். தொட்டியின் மேல் பழுப்பு நுரை தடித்து நின்றால் நோகார்டியா வகை இழை நுண்ணுயிர் பெருகியிருக்கலாம். மழை பெய்த மண்ணைப் போன்ற வாசனை வந்தால் எல்லாம் சரி. நுண்ணோக்கியில் தண்டுள்ள நுண்ணுயிர்களும் ரோட்டிஃபர்கள் என்ற நுண்விலங்குகளும் தென்படுகின்றனவா என்றும் பார்ப்பார்கள். இந்த அடையாளங்களில் பல இப்போது நூல்களில் இருக்கின்றன. இழை உயிரிகளை நெதர்லாந்தின் ஐக்கல்பூம் 1970களில் வகைப்படுத்தினார்; கலிஃபோர்னியாவின் டேவிட் ஜென்கின்ஸும் சகாக்களும் அதை ஆபரேட்டர் கையில் வைத்துக்கொள்ளும் நூலாக்கினார்கள். ஆனால் பால் பண்ணைக் கழிவு வரும் நிலையத்தில் 180 என்பது அன்றாட நிலையாக இருக்கலாம். பக்கத்து ஊரில் அதே 180 அபாய மணியாக இருக்கலாம். அதைச் சொல்லப் பக்கத்து ஊர்க்காரர்தான் வேண்டும்.

இந்தத் தொழிலை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டும் இன்னொன்றும் உண்டு. தினமும் எவ்வளவு கசடை வெளியேற்றுவது என்பதே ஆபரேட்டரின் முக்கிய முடிவு; அதுதான் தொட்டிக்குள் கசடு சராசரியாக எத்தனை நாள் தங்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. அதில் இன்று செய்த மாற்றத்தின் முழு விளைவு தெரிய, கசடு தங்கும் காலத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு நாளாகும். பத்து நாள் கசடு என்றால் கிட்டத்தட்ட ஒரு மாதம். இன்றைய தவறு அடுத்த மாதம் கண்ணுக்குத் தெரியும். அதற்குள் மழையோ குளிரோ வந்து காரணத்தைக் குழப்பியிருக்கும். மெய்னில் பனி உருகும் வசந்த காலத்தில் உடைந்த குழாய்கள் வழியாக நிலத்தடி நீர் புகுந்து வரத்து பல மடங்கு உயரும். தொட்டியில் வளர்த்த கசடெல்லாம் அடித்துக்கொண்டு போகும் ஆபத்து உண்டு. அந்த வசந்தம் ஆண்டுக்கு ஒரு முறைதான் வரும். தானே பட்டுத் தெளிய வேண்டுமென்றால் ஒருவருக்குப் பத்து வருடம் பத்துப் பாடம்தான். இருபது நிலையத்து ஆட்கள் ஒரு மேசையில் உட்கார்ந்தால் ஒரு வசந்தத்தில் இருபது பாடம். இந்தத் தொழிலில் சங்கம் என்பது உபசாரத்துக்கான ஏற்பாடு அல்ல, நினைவுக் கிடங்கு என்று நான் கருதுவது இதனால்தான்.

நியூ இங்கிலாந்து மாநிலங்களுக்கிடையே ஆபரேட்டர்களைச் சில நாட்களுக்கு மாற்றி அனுப்பும் வழக்கம் உண்டு. ஒரு மாநிலத்து ஆள் இன்னொரு மாநிலத்து நிலையங்களைச் சுற்றிப் பார்ப்பார். பிறகு அங்கிருந்து ஒருவர் இங்கே வருவார். பெரிய பாடத்திட்டம் ஒன்றுமில்லை. அடுத்தவர் தொட்டியோரம் நின்று, 'இதை ஏன் இப்படி வைத்திருக்கிறீர்கள்?' என்று கேட்பதுதான் பாடம். கூட்டாட்சி நீர்ச் சட்டத்தின் 104(ஜி) பிரிவின்கீழ் 1980களிலிருந்து பல ஆண்டுகள் இன்னொரு ஏற்பாடும் நடந்தது. நாளொன்றுக்கு சுமார் 1.9 கோடி லிட்டருக்கு உட்பட்ட சிறு நிலையங்களுக்குப் பயிற்சியாளரே நேரில் போய், ஆபரேட்டருக்குப் பக்கத்தில் நின்று அவருடைய சிக்கலை அவருடைய தொட்டியிலேயே தீர்க்கக் கற்றுக்கொடுத்தார். புதுத் தொட்டி கட்டாமலே பல நிலையங்கள் இதனால் விதிமுறைக்குள் வந்தன.

நட்பு இனிது. ஆனால் தொழிலுக்கு முதுகெலும்பு தந்தது உரிமம். 1972இல் அமெரிக்கா தூய நீர்ச் சட்டத்தை நிறைவேற்றி, கட்டுமானத்துக்குப் பெருநிதியைக் கொட்டியது. கான்கிரீட் எழும்பியது; ஓட்டத் தெரிந்த ஆள் போதவில்லை. அந்தக் காலத்தில் சாக்ரமென்டோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கென் கெர்ரி என்ற பேராசிரியர், பள்ளிப் படிப்போடு நின்ற ஒருவர் இரவில் சமையலறை மேசையில் உட்கார்ந்து தானே படிக்கும்படி ஒரு பாடநூல் வரிசையை உருவாக்கினார். அத்தியாயங்கள் பலவற்றை அனுபவமுள்ள ஆபரேட்டர்களே எழுதினார்கள். ஒவ்வொரு சிறு பகுதிக்கும் கேள்வி, விடை, கணக்கு. அஞ்சல் வழியில் தேர்வு, சான்றிதழ். 'சாக்ரமென்டோ மேனுவல்' என்றால் அந்தத் தொழிலில் தெரியாதவர் கிடையாது. 8.34 என்ற எண்ணையும் அப்படித்தான் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள்: ஒரு அமெரிக்க கேலன் தண்ணீரின் எடை பவுண்டில். வரத்தையும் அழுக்கின் செறிவையும் அதனால் பெருக்கினால் நாளொன்றுக்கு எத்தனை பவுண்டு சுமை என்று தெரியும். கால்குலஸ் வேண்டாம், பெருக்கல் போதும் என்று தொழிலாளியிடம் நேராகச் சொன்ன அந்த நூல்கள் எத்தனை வீட்டுப் பயத்தைப் போக்கியிருக்கும்!

ஒவ்வொரு மாநிலமும் நிலையத்தின் அளவையும் சிக்கலையும் பார்த்துத் தரம் பிரிக்கிறது. அந்தத் தரத்துக்கு உரிய உரிமம் உள்ளவர்தான் பொறுப்பேற்க முடியும். கலிஃபோர்னியாவில் ஐந்து படிகள், மாசச்சூசெட்ஸில் ஏழு. தேர்வும் வேண்டும், பணி அனுபவமும் வேண்டும். உரிமத்தைப் புதுப்பிக்கப் பயிற்சி மணிநேரங்களும் வேண்டும். மாசச்சூசெட்ஸில் இரண்டு ஆண்டுக்கு 20 மணி. உரிமம் கட்டாயமான போது பழைய ஆட்கள் நடுத்தெருவுக்கு வரக்கூடாது என்று, பல இடங்களில் அவர்கள் பார்த்துவந்த நிலையத்துக்கு மட்டும் செல்லும் உரிமத்தைத் தேர்வின்றியே தந்தார்கள். ஏணி வந்த பிறகு, புல் வெட்டச் சேர்ந்தவரும் படியேறித் தலைமைப் பொறுப்புக்கு வர வழி பிறந்தது. ஆள் ஏறுகிற வேலையாக இது மாறியதும் சம்பளமும் நகர மன்றத்தில் மரியாதையும் பின்னாலேயே வந்தன.

இதில் ஓட்டை இல்லாமலில்லை. இருபது மணி நேரத்தை நிரப்புவதற்காக யாரோ பம்பு விற்பவரின் விளம்பரப் பேச்சைக் காப்பி குடித்துக்கொண்டே கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுவதும் 'பயிற்சி' என்று கணக்கில் ஏறுகிறது. ஒரு மாநில உரிமம் எல்லை தாண்டினால் தானாகச் செல்லாது. ஓய்வுபெறும் அலை இன்னொரு கவலை: அடுத்த பத்தாண்டில் மூன்றில் ஒரு பங்கு ஆபரேட்டர்கள் ஓய்வு வயதை எட்டுவார்கள் என்பது அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமையின் மதிப்பீடு. எந்தப் பயிற்சியாலும் தீராத தலைவலியும் உண்டு. காலங்காலமாக வயலுக்கு உரமாகப் போன கசடில் 'ஃபாரெவர் கெமிக்கல்' எனப்படும் பிஎஃப்ஏஎஸ் வேதிப்பொருட்கள் தெரியவந்ததால், மெய்ன் மாநிலம் 2022இல் கசடை நிலத்தில் இடுவதையே தடை செய்தது. 2023 தொடக்கத்தில் குப்பைக் கிடங்கிலும் இடம் சுருங்கி, கசடு எல்லை தாண்டிக் கனடாவுக்கு லாரி ஏறியது. வேறெங்கோ தயாரான நஞ்சுக்கு ஆபரேட்டர் பதில் சொல்ல வேண்டிய நிலை. அப்படிப்பட்ட நேரத்தில் தனி ஆபரேட்டரின் குரல் சட்டமன்றத்துக்குக் கேட்காது. சங்கத்தின் குரல் கேட்கும்.

இந்த ஏற்பாடுகளில் நான் மிகவும் விரும்பிப் படித்தது போட்டியைப் பற்றி. 1980களின் பிற்பகுதியிலிருந்து கூட்டமைப்பின் ஆண்டு மாநாட்டில் 'ஆபரேஷன்ஸ் சேலஞ்ச்' நடக்கிறது. அணிக்கு நால்வர், மாநிலச் சங்கங்களில் வென்றவர்கள் வருகிறார்கள். 'டெர்மினல் வெலாசிட்டி' போன்ற குறும்புப் பெயர்கள், ஒரே நிறச் சட்டை, கூச்சலிடும் கூட்டம். செயல்முறைக் கணக்கு, ஆய்வகம், பம்புப் பராமரிப்பு, குழாய் வேலை, பாதுகாப்பு என ஐந்து சுற்று. குழாய்ச் சுற்றில் நீர் ஓடும் 8 அங்குலப் பிவிசி குழாயில் ஒரு துண்டை அறுத்தெடுத்துப் புதுத்துண்டைப் பொருத்த வேண்டும். வீட்டு இணைப்புக்குத் துளையும் போட வேண்டும். வேகமாக முடித்தால் மட்டும் போதாது. ஒழுகினாலோ கண்ணாடியும் கையுறையும் மறந்தாலோ தண்ட நொடிகள் ஏறும்.

பாதுகாப்புச் சுற்றை நாம் பல்லைக் கடித்துக்கொண்டுதான் பார்க்க முடியும். குழிக்குள் மயங்கிக் கிடக்கும் சக ஊழியராக ஒரு பொம்மை. முதலில் வாயு அளவி உள்ளே இறங்குகிறது. ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இருக்கிறதா, ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கிறதா என்று எண்ணை உரக்கச் சொல்கிறார்கள். முக்காலியை நிறுத்தி, வின்ச் கயிற்றை மாட்டி, காற்றூதியை ஓட விடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் மீட்பு. ஓட்டப்பந்தயம் மாதிரி நடக்கும் இந்தச் சுற்றில் ஒரு படியைத் தவறவிட்டாலும் தண்டம். காரணம் இருக்கிறது. அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு, பத்து லட்சத்தில் நூறு பங்கு என்ற அளவை நெருங்கும்போது முகரும் சக்தியையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டதே என்று இறங்குகிறவர் அப்படியே சரிவார். மூடிய இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் மற்றவரைக் காப்பாற்ற இறங்கியவர்கள் என்று அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986இல் எச்சரித்தது. அனுமதிச் சீட்டின்றி அப்படிப்பட்ட இடத்தில் இறங்கக்கூடாது என்ற கூட்டாட்சி விதி 1993இல் வந்தது. விதிப் புத்தகத்தில் இருப்பதைக் கை தானாகச் செய்யும்வரை பழக்கிவிடுகிறது போட்டி.

முதலில் ஒருவர் இறங்குவார், அவரைத் தேடி இன்னொருவர், அவருக்காக மூன்றாமவர்: தமிழ்நாட்டில் செய்தித்தாள் படிப்பவர்களுக்கு இந்த வரிசை மனப்பாடம். நம்மிடம் சட்டம் இல்லாமலில்லை. கையால் மலம் அள்ளத் தடைவிதிக்கும் சட்டம் 2013இல் வந்தது. 1993 முதல் சாக்கடையில் இறந்தவர் ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. 2023இல் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. சாவுக்கு விலை ஏறியது. அந்த வேலைக்கு யார் வருவார் என்பதைச் சாதிதான் இன்னமும் பெருமளவு தீர்மானிக்கிறது; படித்து ஏறுவதற்கு அங்கே படி எதுவும் கட்டப்படவில்லை.

நிலையங்களோ நவீனமாகிவிட்டன. கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி என்று சென்னையின் பெரிய நிலையங்களில் மான்செஸ்டர்க்காரர்களின் அதே கசடுதான் சுழல்கிறது. கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் 2019 முதல் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் வீதம் எதிர்ச் சவ்வூடு பரவல் வரை சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு விற்கும் ஆலைகள் இருக்கின்றன. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் அடித்தளத்திலும் குட்டி நிலையங்கள் ஓடுகின்றன. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நிலையத்துக்கு இசைவாணை கேட்கிறது, வெளியேறும் நீருக்கு வரம்பு வைக்கிறது. அதை ஓட்டும் ஆள் தேர்வெழுதி, தரம் பிரித்த உரிமம் வாங்கியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் நம்மிடம் இல்லை. லாரி ஓட்டக் கனரக உரிமம் கேட்கும் நாடு இது. ஒப்பந்தம் மாறும்போது ஒப்பந்தத் தொழிலாளியும் மாறுகிறார். பத்து மாதம் ஒரு தொட்டியைப் பார்த்துச் சேர்த்த அறிவு அவரோடு வாசலைத் தாண்டிப் போய்விடுகிறது.

மனிதர் குழிக்குள் இறங்குவதை நிறுத்துவது முதல் கடமை; அதில் சமரசம் கிடையாது. அதோடு சேர்த்துச் செய்யக் கூடியவை சில உண்டு, அவற்றுக்குப் பெருந்தொகையும் தேவையில்லை. தானே படிக்கக் கூடிய பாடநூல் தமிழில் வேண்டும். அதைப் பேராசிரியர்கள் தனியே எழுதாமல், பெருங்குடியிலும் கோயம்பேட்டிலும் இரவுப் பணி பார்த்தவர்களோடு உட்கார்ந்து எழுத வேண்டும். படிப்படியான உரிமத் தேர்வு தமிழில் நடக்க வேண்டும்; இப்போது வேலையில் இருப்பவர்களுக்கு அவர்கள் பார்க்கும் நிலையத்துக்கான உரிமத்தை முதலிலேயே தந்துவிட வேண்டும். உரிமம் தொழிலாளியின் பெயரில் இருக்க வேண்டும், ஒப்பந்தக்காரரின் கோப்பில் அல்ல. குடிநீர் வாரியமும் மாநகராட்சிகளும் அடுத்த பராமரிப்பு ஒப்பந்தப் புள்ளி கோரும்போது, 'ஒவ்வொரு பணிமுறையிலும் உரிமம் பெற்ற ஆபரேட்டர் ஒருவர் இருக்க வேண்டும்' என்ற ஒரு நிபந்தனையைச் சேர்த்தால் போதும், மற்ற வேலைகள் தொடங்கிவிடும். அதை இந்த ஆண்டே சேர்க்கலாம்.